ஆறு பந்தும் ஆறு நோன்பும்

உப்புநீர்க் களப்பு ஓரத்து மைதானத்தில் பத்தொன்பது வருசமாக மைக் பிடிக்கிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பது தொழில். பின்னேரங்களில் உதைபந்தாட்டப் போட்டி இருந்தால் நேர்முக வர்ணனை. வர்ணனை என்று நோட்டீசில் அச்சடிப்பார்கள். உண்மையில் நான் செய்துவந்தது பகிடி. பந்து எங்கே போகிறது என்பது எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு ஆளும் மேசையும் இரண்டு ஸ்பீக்கரும் தேவையில்லை. நான் யாரை என்ன சொல்கிறேன் என்று கேட்கத்தான் சனம் வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. இப்போது நான் அதைச் செய்வதில்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து அணிகள் யாரும் பிரிக்காமலே பிரிந்து கிடப்பவை. முஸ்லிம் ஊர்களின் அணிகள், எங்கள் மாதா கோயில் பங்கு அணி, முந்தல் பக்கமிருந்து வரும் சிங்களப் பொடியன்களின் அணி, யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் அணி. நான் கத்தோலிக்கன். ஆனால் மைக்கைப் பிடித்தால் வேதம், ஊர் ஒன்றும் பார்க்க மாட்டேன். எங்கள் பங்கு அணியின் பின்வரிசைக்காரர் ஒருவரை, "இவர் பூசைக்கும் காணிக்கைத் தட்டு போன பிறகுதான் வருவார், பந்துக்கும் அப்படித்தான்" என்றேன். பங்குச் சாமியாரே முன்வரிசைக் கதிரையில் இருந்து சிரித்தார். இங்கே கழுதைகள் கட்டாக்காலியாகத் திரியும். ஒன்று மைதானத்துக்குள் வந்தால், மாற்று வீரர் உள்ளே வருகிறார், இவராவது ஓடுவார் என்பேன். எந்த அணிக்கு மாற்று என்று இரண்டு பக்கமும் அடிபடும்.

ஆனால் ஆட்களுக்கு மிகவும் பிடித்தது நானாவைப் பற்றிய பகிடிதான். எனக்கு ஏழு வயது இளையவர். நானா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன், ஆனால் ஊரே அப்படிக் கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கரைவலை இழுப்பது தொழில். ஊர் முஸ்லிம் அணியின் கோல் காப்பாளர். நல்ல கோல் காப்பாளர் என்று சொன்னால் அவரே கோபிப்பார். "கடலில் நானாவின் வலைக்குள் ஒன்றும் வராது, இங்கே வராமல் விடாது" என்று ஒருமுறை சொன்னேன். சனம் அதை வருசக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. சந்தையில் மீன் வாங்கப் போனால் பெண்கள்கூட அதைச் சொல்லி அவரிடம் விலை குறைப்பார்களாம்.

அந்தப் பகிடி என்னுடையது இல்லை. இதை இத்தனை வருசம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். நானாவைப் பற்றி நான் சொன்ன பகிடிகளில் முக்கால்வாசி நானாவே செய்து தந்தவை. போட்டிக்கு முன்னமோ இடைவேளையிலோ பால் விடாத பிளேன்ரீக் கோப்பையோடு என் மேசைக்கு வருவார். குனிந்து காதுக்குள் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு போய்க் கம்பத்தடியில் நிற்பார். நான் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைப்பார். அந்த முறைப்புக்கு இன்னொரு சிரிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து செய்த கள்ள வேலை அது. எனக்கு அதில் இருந்த சந்தோசம் வேறெதிலும் இருக்கவில்லை.

மூன்று வருசத்துக்கு முன் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை ஒரு போட்டி. இடைவேளையின்போது நானா நாலு கோல் விட்டிருந்தார். வழக்கம்போல் கோப்பையோடு வந்தார்.

"சேர், இண்டைக்கு ஆறு விழும். ஆறாவது விழுந்தாத்தான் இதைச் செல்லோணும். அஞ்சில செல்லிப் போடாதீங்க, கெட்டுப் போகும்."

காதுக்குள் சொன்னார். எனக்கு அப்போதே சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நோன்பு பிடிப்பது என்றுதான் சொல்வார்கள். பெருநாள் கழிந்த பிறகு விரும்பினவர்கள் இன்னும் ஆறு நோன்பு பிடிப்பதும் உண்டு. எழுபதாவது நிமிசம்போல ஆறாவது கோல் விழுந்தது. ஸ்பீக்கர் இரைச்சல் அடங்கும்வரை பொறுத்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னேன்.

"ஆறு பந்தில ஒண்டைக்கூடப் பிடிக்கயில்ல. பரவாயில்ல, பெருநாள் முடிஞ்சுதானே. நானா ஆறு நோன்பையாவது பிடிப்பார்."

மைதானம் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. தொப்பி போட்ட கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊத முடியாமல் நின்றார். நானா என்னை முறைத்த முறைப்பு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, கூடப் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். பதினொரு செக்கன் வீடியோ. பந்து இல்லை, நானா இல்லை, சிரித்த கிழவர்கள் இல்லை. என் குரல் மட்டும், அதுவும் "ஆறு நோன்பையாவது பிடிப்பார்" என்ற கடைசித் துண்டு. பின்னால் ஒரு பெருஞ்சிரிப்பு. மேலே, நோன்பைக் கேலி செய்யும் கிறிஸ்தவ ஆசிரியர் என்று எழுதியிருந்தது. கீழே நூற்றுக்கணக்கில் எழுத்து. எழுதியவர்களில் பாதிப்பேர் கட்டாரிலும் குவைத்திலும் இருந்தார்கள். மைதானத்தில் சிரித்தவர் ஒருவர்கூட அதில் ஒரு வரி எழுதவில்லை.  இந்தக் கரையில் வேதத்தின் பெயரால் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்த நாட்களை நாங்கள் எல்லாரும் கண்டவர்கள். ஒரு வரியில் கடை எரியும் என்று எங்களுக்குத் தெரியும்.

கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் போனது. பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு, நீர் பேசாமல் பாடத்தைப் படிப்பித்துக்கொண்டு இருந்திருக்கலாமே ஐசே என்றார். விளையாட்டுக் கழகக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்த ஹாஜியார் மரியாதையாகத்தான் பேசினார். நான் தப்பாகச் சொல்லவில்லை என்று தங்களுக்குத் தெரியும், ஆனால் காலம் சரியில்லை, ஒரு மன்னிப்புக் கேட்டால் விசயம் முடிந்துபோகும் என்றார். அவரும் அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர். நானும் எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு போனுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். இது நானா தந்த பகிடி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்திருப்பார்கள். நான் வேற்று வேதக்காரன், அறியாமல் சொன்னேன் என்று ஆகும். அவர் அறிந்து சொன்னவர் ஆகிவிடுவார். விழுங்கிக்கொண்டேன். கூட்டத்தின் கடைசி வரிசை வாங்கில் நானா தலையைக் குனிந்தபடி இருந்தார். அவரும் விழுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தபோது வேறொரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அதற்கும் பல வருசத்துக்கு முந்தின கதை. வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் அணியில் ஒருவர், வலது பக்கத்தால் வேகமாக ஓடுவார். அவருடைய மனைவி வீட்டு வேலைக்கென்று வெளிநாட்டுக்குப் போய், திரும்பி வரவில்லை. ஊருக்கே தெரியும். ஒருநாள் பந்து கோட்டுக்கு வெளியே போனபோது அவர் துரத்தாமல் நின்றார். "வெளியில போனது திரும்பி வராது எண்டு அவருக்குத் தெரியும்" என்றேன். மைதானம் சிரித்தது. அவரும் பல்லைக் காட்டினார். அடுத்த வருசம் அவர் விளையாட வரவில்லை, அதற்கடுத்த வருசமும் இல்லை. வண்ணாத்திவில்லுப் பக்கம் போய்விட்டாராம். அதை யாரும் வெட்டி ஒட்டிப் போடவில்லை. யாரும் கடிதம் எழுதவில்லை. மன்னிப்புக் கேள் என்று எவனும் என்னிடம் வரவில்லை.

இதுதான் எனக்குச் செரிக்காத விசயம். ஒரு மனிதனின் நெஞ்சைக் கிழித்த பகிடிக்கு எனக்குக் கைதட்டல். யாரையும் நோகச் செய்யாத, அதற்கு ஆளானவனே செய்து தந்த பகிடிக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சனத்தின் கோபம் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கோபப்பட வேண்டிய பகிடிகள் இருக்கின்றன, நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் நொந்தவனைத் தேடி வருவதில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு நானா வீட்டுக்கு வந்தார். விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தார். மனைவி ரீ கொண்டுவந்து வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"நான் தந்த கதை எண்டு செல்லட்டா சேர்?"

வேண்டாம், விடுங்கள் நானா, எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கோப்பையை எடுத்து ஒரே இழுவையில் குடித்தார். அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. வேண்டாம் என்று நான்தானே சொன்னேன், அதற்குள் என்ன ஆத்திரம் என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஆனால் வந்தது வந்ததுதான். அவர் போன பிறகு மனைவி, உங்களுக்கென்ன அவங்கட நோன்புக் கதை, எங்கட ஆக்களைப் பகிடி பண்ணினால் போதாதா என்றாள்.

அடுத்த வருசம் அதைத்தான் செய்தேன். எங்கள் பங்கு அணியை மட்டும் நக்கலடித்தேன். இரண்டு போட்டி போகவில்லை, எங்கள் ஆட்கள் கொதித்துப்போய் வந்தார்கள். அவங்களுக்கு மட்டும் பயப்படுவீர், எங்களைக் கண்டால் உமக்கு இளக்காரமா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. அதோடு அதையும் விட்டேன். இப்போது பந்து ஏழாம் இலக்கத்திடமிருந்து பத்தாம் இலக்கத்துக்குப் போகிறது. கழுதை வந்தால், மைதானத்துக்குள் ஒரு விலங்கு நுழைந்துள்ளது, தயவுசெய்து அகற்றவும் என்கிறேன். சேர் இப்ப நல்ல கண்ணியமாகச் செய்கிறார் என்று கழகச் செயலாளர் மேடையில் வைத்தே சொன்னார். அந்தக் கண்ணியத்தோடு வீட்டுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சனமும் குறைந்துவிட்டது. வருகிறவர்கள் மைதானத்தைப் பார்ப்பதைவிடப் போனைப் பார்க்கிறார்கள்.

இந்த வருசப் பெருநாள் போட்டி நானாவுக்குக் கடைசி. முழங்கால் சரியில்லை, கரைவலைக் கயிறு இழுக்கவே கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். இடைவேளையில் நான் இலக்கங்களைத் தாளில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மேசையில் ஒரு பிளேன்ரீக் கோப்பை வந்து உட்கார்ந்தது. மூன்று வருசத்துக்குப் பிறகு. நிமிர்ந்தால் நானா. தாடி பாதி வெளுத்திருந்தது.

"கடைசியா ஒண்டு தாறன் சேர். இதில மார்க்கமும் இல்ல, ஒண்டுமில்ல. இண்டையோட ஓய்வு, நானாக்கில்ல, வலைக்கு. இவ்வளவுதான். செல்லுவீங்களா?"

நல்ல பகிடி. சின்னது, சுத்தமானது, அவர்மேல் அவரே வைத்தது. பாப்பம் நானா என்றேன். அவர் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். இரண்டாம் பாதி முழுக்க அந்த வரியை வாய்க்குள் வைத்துப் புரட்டினேன். அங்கே வந்திராத ஒருவன் அதைக் கேட்டால் எப்படிக் கேட்பான் என்று பார்த்தேன். ஓய்வு பெறும் முஸ்லிம் வீரரை அவமதித்த கிறிஸ்தவ ஆசிரியர். இல்லை, யார் அப்படிப் போடப்போகிறார்கள்? போடமாட்டார்கள் என்று யார் சொல்வது? எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருசம் இருக்கிறது. களைப்பாக இருந்தது. பயம்கூட இல்லை, களைப்புத்தான்.

கடைசி நிமிசங்களில் ஒரு பந்து நானாவின் காலுக்கு நடுவால் போய் வலையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, என் மேசைப் பக்கம் திரும்பி, முறைக்கத் தயாராக நின்றார். பழைய ஆட்கள் சிலர் அதைக் கண்டுவிட்டு அவர்களும் திரும்பினார்கள். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"நீண்டகாலமாகக் கழகத்துக்குச் சேவையாற்றி இன்றுடன் ஓய்வு பெறும் கோல் காப்பாளர் அவர்களுக்கு எமது நன்றிகளையும் வாழ்த்துகளையும் தெரிவித்துக்கொள்கின்றோம்."

நாலைந்து பேர் கை தட்டினார்கள்.  நானா கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, குனிய முடியாமல் குனிந்து வலைக்குள் இருந்த பந்தை எடுத்தார்.

போட்டி முடிந்து நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் மேசைக்கு வந்தார். மன்னிச்சுக்கொள்ளுங்க நானா, வாய் வரவில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. குனிந்து, முன்னைப்போலவே காதுக்குள் சொன்னார்.

"பள்ளியில மையத்து அறிவிக்கிற மாதிரி ஈந்திச்சு சேர். எத்தின மணிக்கு அடக்கம் எண்டு மட்டும்தான் நீங்க செல்லல்ல."

எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது, மூன்று வருசமாக வராத சிரிப்பு. சிரிக்க முன்னம், மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.