ஒவ்வொன்றாக மெட்ராஸுக்கு

எட்டாம் வகுப்பு என்னை விடுவதாயில்லை. கடைசியில் நான்தான் அதை விட்டுவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவனை எண்பதுகளின் கடைசியில் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறைக்குக் காவல் போட்டார்கள். வருகிறவர்களைச் செருப்பை வெளியே விடச் சொல்வதும், ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பதும் வேலை. எங்கள் தெருவில் மட்டும், அந்த மெஷின் என்னைக் கேட்டுத்தான் கணக்கே போடுகிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த யூனிக்ஸ் மெஷினில்தான் ஓர் ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வேட்டை அடித்து வைத்திருந்தாள். கிராமத்து விவசாயக் குடும்பம். ஒருநாள் மத்தியானம் ஓடி வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அது மெட்ராஸில் இருக்கும் அவளுடைய பேராசிரியர் கைக்குப் போயாக வேண்டும். ராத்திரி அவர் வெளிநாடு கிளம்புகிறார்.

"இன்னிக்கு குடுக்கலன்னா அடுத்த வருசம்தான்ணே. எங்கப்பா அதுவரிக்கும் உட மாட்டாரு. படிச்சது போதும், கல்யாணத்த பண்ணிக்கன்றாரு."

மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் சாப்பிடக் கிளம்பும்போது சொன்னார்: "எல்லா ஃபைலையும் ஒரே டைரக்டரியில போட்டு வையிம்மா. வந்து டேப்புல ஏத்தித் தரேன்."

அவள் ஃபைல்களைப் போட்டு வைக்க 'மெட்ராஸ்' என்ற பெயரில் புது டைரக்டரி ஒன்றை உண்டாக்கினாள். பிறகு அத்தியாயங்கள் இருந்த வேறொரு டைரக்டரிக்குள் போனாள். அங்கிருந்தபடி, நகல் எடுக்காமல், ஒவ்வொரு ஃபைலாக மெட்ராஸுக்கு நகர்த்தி அனுப்ப ஆரம்பித்தாள்.

"மொத்தமா அனுப்பலாமேம்மா?" என்றேன்.

"வேணாண்ணே, எதுனா உட்டுப்போயிடும். ஒண்ணொண்ணா அனுப்புறேன்."

மெஷின் மூச்சு விடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது?"

"சொல்லலன்னா சரின்னு அர்த்தம்மா. என் பொண்டாட்டி மாதிரி கிடையாது இது. தப்பு நடந்தாதான் வாயத் தொறக்கும்."

ஆபரேட்டர் சொல்லக் கேட்டு நான் அடிக்கும் வசனம் அது. அவள் சிரித்துவிட்டுக் கடைசி ஃபைலையும் அனுப்பினாள்.

ஆபரேட்டர் ஏப்பம் விட்டபடி வந்து உட்கார்ந்தார். இரண்டு முறை தட்டிப் பார்த்தார். ஏப்பம் நின்றுவிட்டது.

"மெட்ராஸ் டைரக்டரிய வேற எடத்துல உண்டாக்கிட்டு, இங்க வந்து நின்னு அனுப்பியிருக்கியேம்மா. இங்க அந்தப் பேருல டைரக்டரியே இல்ல. மொத ஃபைலுக்கே மெட்ராஸ்னு பேரு வெச்சிட்டிருக்கு. அடுத்தது வந்ததும் மொத ஃபைல அழிச்சிட்டு இதுக்கு அந்தப் பேரு. கடைசி வரிக்கும் இப்டியே."

"ஒரு வார்த்த கேக்கலியே சார்!"

"கேக்காது. மொத்தமா அனுப்பியிருந்தா, டைரக்டரி எங்கன்னு சண்டைக்கு வந்திருக்கும். ஒண்ணொண்ணா அனுப்புனியா, நீ ஃபைலோட பேர மாத்தச் சொல்றேன்னு நெனச்சிடுச்சு."

"முன்ன எடுத்து வெச்ச பழைய டேப்பு இருக்குமே சார்?"

"அதுல மொத அத்தியாயமே பாதிதாம்மா இருக்கு."

மிஞ்சியது கடைசியாக அனுப்பிய ஃபைல் ஒன்றுதான். நன்றியுரை. படிக்க அனுமதித்த அப்பாவுக்கு முதல் நன்றி என்று திரையில் பளிச்சென்று நின்றது.

அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, இங்கயேதான் எங்கனா இருக்கும், இல்ல?"

அறையைக் காவல் காக்கிறவன் நான். என்னைத் தாண்டி எதுவும் வெளியே போகவில்லை. மெஷினுக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். ஒயர்களை விலக்கிவிட்டு அடியில் பார்த்தேன். தூசியும் காற்றாடிச் சத்தமும்தான் இருந்தன. பைத்தியக்காரா என்று ஆபரேட்டர் திட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியைத் தள்ளி எனக்கு வழி விட்டார்.

"இருக்காண்ணே?"

"தேடறேம்மா" என்றேன், எழுந்திருக்காமலே.