நாத்தனார் முடிச்சு

என் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பரிமளாவுக்கு நட்சத்திரங்களின் பூர்வீகம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். அதைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்காரி மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில்; இவள் ஆரணியில், கம்ப்யூட்டர் முன்னால். புருஷன் அலனுக்குக் கப்பலில் வேலை. பேச்சுத்துணைக்கு நான் ஒருத்திதான். எனக்கோ முழங்கால் வலி, மாடி ஏற முடியாது.

அவள் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யக்கூடிய வேலை. இவள் இந்த ஊரில் வந்து உட்கார்ந்தாள். பைத்தியக்காரி.

போன மாதம் சிரித்துக்கொண்டே இறங்கிவந்தாள். "நம்ம பால்வீதிக்கு வெளி ஓரத்துல ஒரு கூட்டம் நட்சத்திரம் இருக்குதுக்கா. வேற சின்ன மண்டலத்துலேர்ந்து வந்து ஒட்டிகினதுன்னு சொல்லிகினு இருந்தாங்க. வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தா, இரும்பு, மக்னீசியம் எல்லாம் உள்ள இருக்கிறதுங்க மாதிரியே இருக்குது. இங்கயே பொறந்ததுங்க. ஏதோ மோதல்ல வெளிய தள்ளிடுச்சு."

"அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"தம்பி சரவணனுக்குக் கல்யாணமாம். மூணாவது முடிச்சு நாத்தனார்தானே போடணும்? அவனுக்கு நான் ஒருத்திதான் அக்கா. கூப்பிடுவாங்க."

கூப்பிடவில்லை. கடைசி நிமிஷத்திலாவது கூப்பிடாமலா போவார்கள் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு அழைப்பு இருந்ததால் கூடவே போனேன்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கெட்டிமேளம் கேட்டதும் பரிமளா பாதி எழுந்துவிட்டாள். மேடையில் பரிமளாவின் சித்தப்பா மகளை முன்னால் தள்ளினார்கள். அவள் முடிச்சுப் போட்டாள். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அக்கா இருப்பதையே பெண்வீட்டாரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பரிமளா மெதுவாக உட்கார்ந்தாள்.

பந்திக்குப் போகும் வழியில் அவளுடைய அம்மா எதிரே வந்துவிட்டாள், கூடவே சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஒரே ஜாடையா கீறாங்களே! யாருங்க இவங்க, சொந்தமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க," என்றாள் பரிமளா. "நான் வெளியூரு. இந்த அக்காவோட வந்தேன்."

அம்மா தலை நிமிராமல், "சாப்ட்டுட்டுப் போங்கம்மா" என்றாள்.

பெற்றவள் சொல்லைப் பரிமளா தட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டாள்.