அம்மாவின் கிருமி யாருக்கு?

பேருந்து நிலையத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருந்தவளை ஊரே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். எதை நீட்டினாலும் அச்சு அசலாக எடுத்துத் தருவாள். உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத நகல் அவளுடைய தங்கைதான். அம்மாவின் அதே மூக்கு, அதே சிரிப்பு, அதே தும்மல். தும்மலைக்கூடவா ஒருத்தி விட்டுவைக்க மாட்டாள்?

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தங்கை பிறந்தபோது அப்பா வெளியூர் வேலையில் இருந்தார். தனியாளாக இரண்டையும் சமாளிக்க முடியாமல் அம்மா பெரியவளைச் சித்தி வீட்டில் விட்டாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கேதான். சின்னவளோ அம்மா இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

போன வருடம் அம்மா இரைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். பெற்றவளுக்கு வந்த நோய், மகள்களும் சோதித்துக்கொள்ளட்டும் என்றார் வயிற்று டாக்டரம்மா. தங்கை முதலில் போய் ஏதோ மருந்தைக் குடித்துவிட்டு ஒரு பையில் ஊதினாள். புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய ஒரு வயிற்றுக் கிருமி இருக்கிறது என்று வந்தது.

“பயப்படாதீங்க. உலகத்துல ஏறக்குறையப் பாதிப் பேர் வயித்துல இது குடித்தனம் பண்ணுது. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குப் புண்ணு வரும், ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் புற்றுநோய் வரைக்கும் போகும். உங்க அம்மாவுக்கு வந்திருக்கே, அதனால மாத்திரை போட்டு அழிச்சிடலாம். ஆபத்து குறையும்.”

“இது எங்கேருந்து வந்தது டாக்டர்?”

“பெரும்பாலும் சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே ஒட்டிக்கும். அம்மா தன் வாயில வச்சுப் பாத்துட்டு ஊட்டுவாங்க இல்ல, அந்த மாதிரி.”

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆமா டாக்டர், எனக்கு அப்படித்தான் ஊட்டுவாங்க.”

துணைக்கு வந்த அக்காவுக்கு உள்ளே குபீரென்றது. மூக்கு போச்சு, தும்மல் போச்சு, இப்போது கிருமியுமா?

“நீங்களும் இன்னைக்கே ஊதிடுங்களேன்.”

“கடையில ஆள் இல்ல டாக்டர். அப்புறமா வரேன்.”

பொய். ஊதி, ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? உனக்கென்று உன் அம்மா ஒரு கிருமியைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்று மிஷினே சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தங்கை விடுகிற ஆளா? ஒரு நாள் கடைக்கே வந்து, “என்னக்கா, பயமா?” என்றாள். அவ்வளவுதான், ஷட்டர் இறங்கியது. ஆஸ்பத்திரியில் அக்கா ஊதிய ஊதலில் பை வெடித்துவிடுமோ என்று நர்ஸ் ஓடிவந்து பிடுங்கினாள்.

கிருமி இருந்தது.

“அப்படிப் போடு!” என்று அக்கா மேஜையில் தட்டினாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “இதுக்குச் சந்தோஷப்பட்டவங்களை நான் பாத்ததே இல்ல.”

“நான் வளந்தது சித்தி வீட்ல. ஆனா இது எங்கம்மாகிட்டேருந்து வந்ததுதானே டாக்டர்?”

“அதைச் சொல்ல முடியாதுங்க. சித்தி வீட்லகூட ஒட்டியிருக்கலாம்.”

அக்காவின் முகம் தொங்கிப்போனது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஞாயித்துக்கிழமை நாங்க சித்தி வீட்டுக்கு வந்தா அம்மா உன்கூடவே ஒட்டிக்கிட்டு இருப்பா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. எனக்கு எப்படி எரியும் தெரியுமா?”

“உனக்கா? எரிஞ்சுதா?” அக்காவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. “இன்னொரு தடவை சொல்லு.”

“எரிஞ்சுது. அதனாலதான் நீ தண்ணி குடிக்கிற டம்ளர்ல எச்சி துப்பி வைப்பேன்.”

“அடிப்பாவி! வைப்பியா? எத்தனை தடவைடி?”

“வரும்போதெல்லாம்.”

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா ஊட்டியது இவளுக்கு. இவள் துப்பியது தனக்கு. எப்படிச் சுற்றி வந்திருந்தாலும்...

“அப்ப அது அம்மாவோடதுதான்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே இருவரும் மாத்திரையை ஆரம்பித்தார்கள். நாக்கு, இரும்பைச் சப்பியதுபோல் கசந்தது. மறுநாள் காலையில் கடை திறக்கும்முன்பே தங்கையின் போன் வந்தது.

“அக்கா, எனக்கு வாயெல்லாம் ஒரே கசப்பு.”

“போடி, எனக்குத்தான் ஜாஸ்தி.”