பதிவேட்டில் இல்லாத பேர்

சுனாமியில் என் கூடப்பிறந்த ராத்தாவும் மச்சானும் மௌத்தான பிறகு, அவர்களின் ஒன்பது வயது மகள் ஹஸ்னா சாய்ந்தமருதில் என்னோடு இருக்கிறாள். பள்ளிக்கூடம் கடற்கரைப் பக்கம். அங்கே போகமாட்டேன் என்று அழுதாள். நானும் வற்புறுத்தவில்லை. ஊருக்குள் இருக்கும் மதரசாவுக்கு மட்டும் தினமும் ஓதப் போனாள்.

நீதிமன்றம் அவளைச் சட்டப்படி என் பொறுப்பில் தருவதற்காக, சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒரு படிவம் தந்தார். பிள்ளை கல்வி பெறுகிறதா என்று அதில் கேட்டிருந்தது. ஓம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது பொய்யென்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த உத்தியோகத்தர் அம்மா வீட்டுக்கே வந்தார்.

"சட்டத்தில கல்வியென்டா பள்ளிக்கூடப் பதிவேட்டில பேர் இருக்கணும். இவட பேர் இல்லையே. இப்பிடியே போனா பிள்ளைய சிறுவர் இல்லத்திலதான் விடுவாங்க."

"குர்ஆன்ல ஏழு ஜுஸு ஓதி முடிச்சிட்டா, மிஸ்."

"எனக்கு விளங்குது. கோட்டுக்கு விளங்காது."

ஹஸ்னா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தந்த ஒரு வாரத் தவணைக்குள், அழ அழ அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

இப்போதெல்லாம் ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் என்ன அர்த்தம் என்று கேட்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்து வைப்பதில்லை. காலையில் அவள் வகுப்பு ஜன்னலில், கடல் தெரியாதபடி மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். பதிவேட்டில் அவள் ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் வகுப்பில் இன்னும் வாயே திறக்கவில்லை என்கிறார் டீச்சர். பின்னேரம் மதரசாவைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் அவள் குரல் கேட்கிறது.