நடந்தே வராங்க

அக்காவுக்குத் "தள்ளுவண்டி" என்று பெயர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் கேவலம்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்கக் கவுண்டரைத் தட்டித் தட்டி அவசரப்படுத்துகிற ஆட்களுக்கு நடுவில் நின்று, எனக்கும் பொறுமை என்பது அறவே போய்விட்டது. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். வாரத்தில் நான்கு நாள் காலையில் ஒரு ரன்னிங் கிளப்போடு ஓடுகிறேன். அங்கேயாவது கொஞ்சம் குறையும் என்று என் மனைவி நினைத்தாள். பாவம்.

அக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் அவர், எங்கள் கிளப்பிலேயே மெதுவான ஆள். நாற்பத்தெட்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை. சமைப்பதில்லை, சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வார்டு வார்டாகக் கொடுப்பார். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை கிளப் ஆட்கள் எல்லோரும் அவர்கள் வீட்டுக்குப் படியேறிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே இதைச் சொல்லிக் கிண்டல் செய்தோம்.

"வேலைய வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுங்கறது என் கொள்கை" என்றார் மனிதர், சிரிக்காமல்.

ஒரே படுக்கையறை. சாப்பாட்டு மேசையில் பாதி, கல்லூரியில் படிக்கும் மகளின் புத்தகங்கள். மீதிப் பாதியில் எங்களுக்கு டீ வைத்தார் அக்கா. எப்படி ஓட ஆரம்பித்தார் என்று அன்றைக்குத்தான் கேட்டோம்.

"எங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல ஓடக்கூடாதுன்னு போர்டு இருக்கும். தீப்பிடிச்சாலும் நடந்துதான் போகணும். இருபத்திரண்டு வருஷம் நடந்தே பழகிப் போச்சு. ஒரு நாள் பஸ் கிளம்பிடுச்சேன்னு ஓடினேன். டிரைவர் பாத்துட்டு நிறுத்திட்டார். எனக்கு என்ன தோணுச்சோ, ஏறல. அடுத்த ஸ்டாப் வரைக்கும் அப்படியே ஓடிட்டேன்."

"டிரைவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். எங்கள் கிளப்பின் கடைக்குட்டி அவள்.

"என்ன சொல்வாரு, மெண்டல்னு நெனச்சிருப்பாரு" என்றார் அக்கா.

காட்டுப்பாதை ரிலே வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஒரு அணிக்கு நான்கு பேர். ஒருவர் ஓடி முடித்துக் கையில் கட்டியிருக்கும் பட்டையைக் கழற்றி அடுத்தவருக்குக் கட்டினால்தான் அவர் கிளம்பலாம். போன இரண்டு வருடமும் நான் மாற்று ஆள். இரண்டு வருடமும் தண்ணீர் பாட்டில் தூக்கினேன். இந்த வருடம்தான் நான்காவது ஆளாக, முடிவுக் கோட்டைத் தாண்டுகிற ஆளாக, அணிப் பட்டியலில் என் பெயர் வந்தது. அந்தப் பட்டியலை என் கடை மெஷினிலேயே பன்னிரண்டு காப்பி எடுத்து வீட்டில் ஒன்று ஒட்டினேன். என் மகள் தன் வகுப்புக்கும் ஒன்று கொண்டுபோனாள்.

ரிலேவுக்கு எட்டு நாள் இருக்கும்போது மூன்றாவது ஆளுக்குக் கால் பிசகியது. மூன்றாவது பகுதிதான் இருப்பதிலேயே கஷ்டம்: ஒன்பது கிலோமீட்டர், அதில் நான்கு செங்குத்தான ஏற்றம். மாற்று ஆள் என்று மிச்சமிருந்தது அக்கா மட்டும். மூன்றாவது ஆள் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் நான்காவது ஆளைக் கிளம்ப விடமாட்டார்கள். அணி வெளியே.

"தள்ளுவண்டிய மலையில ஏத்திவிட்டா நான் அங்க போய் நிக்கவே வேண்டாம். வீட்டுலயே படுத்துக்கறேன்" என்றேன். அக்கா நான்கடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆள் இருந்தா போடுங்க தம்பி. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

வேறு ஆள் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியரான எங்கள் கேப்டன் என்னை ஒரு முறை முறைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன், மனதை மூடவில்லை.

ரிலே அன்றைக்குக் கேப்டன் முதல் பகுதியை நன்றாகவே ஓடினார். இரண்டாவது, மருந்துக்கடைப் பெண். பாதை பிரிகிற இடத்தில் மரத்தில் கட்டியிருந்த ரிப்பனைக் கவனிக்காமல் வேறு பக்கம் இறங்கி, ஒரு கோழிப்பண்ணையின் கேட் வரை போய்விட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறாள். இருபத்தைந்து நிமிடம் போச்சு. அக்கா பத்து இருபதுக்குத்தான் கிளம்பினார் என்று கேப்டன் எனக்குப் போன் செய்தார்.

நான் பட்டை மாற்றும் மூன்றாவது இடத்தில், ஒரு கூடாரத்தின் நிழலில் நின்றிருந்தேன். பக்கத்தில் அக்காவின் வீட்டுக்காரர், தோளில் துண்டு, கையில் பிளாஸ்க். ஒரு மணி நாற்பது நிமிடம் இருக்கிறது. அக்கா சமதரையிலேயே ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம் எடுக்கிறவர். இந்த மலைக்கு இரண்டு மணிக்குக் குறையாது. என்ன செய்ய, யாரைத் திட்ட என்று தெரியாமல் கூடாரக் கயிற்றைத் திட்டினேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு வேறொரு அணிக்காரன் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். அக்காவின் சட்டை நிறத்தைச் சொல்லி, பார்த்தாயா என்று கேட்டேன்.

"மஞ்சச் சட்டை அம்மாவா? ஏத்தத்துல பாத்தேன். நடந்தே வராங்க" என்றான்.

அவ்வளவுதான், எனக்கு நம்பிக்கையே விட்டுப்போயிற்று. ஓடுகிற போட்டியில் நடந்தே வருகிறவர் எப்போது வந்து சேர. புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைச் சுருட்டி உள்ளே போட்டேன். இரண்டு ஷூவின் கயிற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பையில் மாட்டினேன். கோபத்தில் போட்ட முடிச்சு, நல்ல இறுக்கம்.

"ஏன் கழட்டுறீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"நடந்து வராங்களாம் சார்."

"நடக்கத்தான் செய்வா. ஆஸ்பத்திரியில சாப்பாட்டு வண்டிய லிஃப்ட்டுல ஏத்த விடமாட்டாங்க, அது நோயாளிங்களுக்கு. சாய்தளத்துலதான் தள்ளணும், நாலு மாடி. வண்டி எம்பது கிலோ. ஓடவும் கூடாது, லேட்டாகவும் கூடாது." பாதையைப் பார்த்தபடியே சொன்னார். "இத்தன வருஷத்துல சாப்பாடு ஆறிப்போச்சுன்னு ஒருத்தர் கூடச் சொன்னதில்ல. ஷூவப் போடுங்க."

போட்டேனா? இல்லை. பெண்டாட்டியை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்தேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏற்றத்தில் நடக்கிற ஒருவரை, இரண்டு வருடம் கூடவே ஓடியும், எப்படி வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். பெயர் வைக்க மட்டும் தெரிந்தது.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மரங்களுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது. இறக்கத்தில் அக்கா ஓடி வந்துகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சேறு, ஒரு முழங்காலில் ரத்தம். அவருக்குப் பின்னால் இரண்டு ஆண்கள், நல்ல வாட்டசாட்டமான ஆட்கள், வாயைப் பிளந்துகொண்டு வந்தார்கள். ஏற்றத்தில் ஓடப்பார்த்து, பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள் என்று பிறகு தெரிந்தது. அக்கா நடந்தே தாண்டியிருக்கிறார்.

நான் வெறுங்காலோடு, வாயில் வாழைப்பழத்தோடு எழுந்து நின்றேன். செத்தேன் என்று தோன்றியது. முடிச்சை இழுத்தேன், இன்னும் இறுகியது. பல்லால் கடித்தேன்.

"ரெண்டு நிமிஷம் இருக்கு. நாலாவது ஆள் எங்க?" என்றார் கோட்டருகே கடிகாரம் வைத்திருந்த அதிகாரி.

வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கட்டரை எடுத்து முடிச்சை வெட்டினார். மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிவார்போல. சாக்ஸைத் தேடாமல் காலை உள்ளே திணித்தேன். கயிறு இரண்டும் பாதி நீளம்தான் இருந்தது. ஒரு கயிறு துளையிலிருந்து உருவிக்கொண்டே போயிற்று.

அக்கா வந்து நின்றார். என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அப்படியே என் முன்னால் மண்டியிட்டார், அந்த ரத்த முழங்காலோடு.

"காலக் குடு" என்றார்.

"அக்கா, நான் வந்து…"

"ஆட்டாம நீட்டு."

மூச்சு இரைக்க இரைக்க, சேறு அப்பிய விரல்களால் ஒரு ஷூவைக் கட்டினார். இன்னொன்றை நான் எப்படியோ கட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த வெட்கத்தை எழுத வார்த்தையில்லை. நிமிர்ந்து என் கையைப் பிடித்துத் தன் பட்டையை அவரே கட்டினார்.

"நீ நின்னுட்டு இருப்பேன்னு நெனச்சுத்தான் தம்பி, நான் எங்கயும் நிக்கல" என்றார். கோபமே இல்லாத குரல்.

"நாப்பது செகண்டு" என்றார் அதிகாரி.

நான் கிளம்புகிற கோட்டைத் தாண்டினேன். என் பெயர் பதிவாயிற்று, அணி உயிரோடு இருந்தது, என் மகளிடம் சொல்ல எனக்கு ஒரு பந்தயம் இருந்தது. அழுதுகொண்டே ஓடினால் மூச்சு எப்படி வாங்கும் என்று கேப்டன் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. என் பகுதியின் எட்டு கிலோமீட்டரும் அதை நானே கற்றுக்கொண்டேன்.