பிணத்துக்கு என்ன கூச்சம்

நெமிலிச்சேரியில் ரயிலேறும் அந்த அக்காவோடு பெண்கள் பெட்டியில் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறேன். நாற்பது வயதிருக்கும், ஒல்லி. பிளாட்பாரத்திலிருந்து எவனாவது உற்றுப் பார்த்தால் கால்விரல்களை இறுக்கி மடக்கிக்கொள்வார்.

சினிமாவில் துணை நடிகை. ஒரு த்ரில்லர் படத்தில், கொன்று ஏரிக்கரையில் வீசப்பட்ட பெண்ணின் பிணமாகக் குப்புறப் படுத்திருந்தாராம். முதுகில் துணியில்லை.

"கூச்சமா இல்லையாக்கா?"

"பொணத்துக்கு இன்னா கூச்சம்னு டைரக்டர் கேட்டாரு. மூஞ்சி தெரியாதுன்னாங்க, படுத்துட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆவடில ஊட்டுக்காரரோட போய்ப் பாத்தேன். அந்த சீன் வந்ததும் தியேட்டரே விசிலடிக்குது. செத்துக் கெடக்குறாம்மா, அதுக்குமா அடிப்பானுங்க?"

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"அது நான்தான்னு அவருக்குத் தெரியாது. அவருந்தான் அடிச்சாரு."

பிறகு அந்தப் படத்தை போனில் பார்த்தேன். கொலைகாரனைத் தேடும் படமாம். கேமராவோ அந்த முதுகை விட்டு நகர மனமில்லாமல் மெதுவாக ஊர்ந்தது. ஒருவழியாகக் கால் பக்கம் வந்தபோது நிறுத்திவைத்துப் பார்த்தேன்.

செத்தவளின் விரல்கள் இறுக்கி மடங்கியிருந்தன.