வாடகைத் தராசு

முறிந்துபோன கம்பனிகளின் சொத்தை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கிற கலைப்பாளரிடம் வேலை செய்பவர்களுக்கு எந்த வீட்டிலும் தேத்தண்ணி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் குடிக்கப் பயமாக இருக்கும். கடன் கேட்டு அலைந்தவர்களும், அப்படி அலைந்தவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களும் இதைப் படித்தால் என் பாடு விளங்கும்.

எங்கள் வீட்டில் கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். புளியங்கூடலில் அப்பா தோட்டம் செய்கிறார். "மகளுக்குக் கம்பனி வேலை" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அது கம்பனிகளை மூடுகிற வேலை என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

எலி தின்றது யாருடையது

இதை நான் கண்ணால் காணவில்லை. நாரந்தனையில் ஒடியல் கம்பனியின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சபாரத்தினம் அண்ணை சொல்லித்தான் தெரியும்.

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை அந்தக் கம்பனி ஊராரிடம் வாங்கி, மாவாக்கி, வெளிநாட்டுக்கு அனுப்பிவந்தது. ஊரார் மூட்டைகளைக் கொண்டுவந்து கம்பனிக் கொட்டிலில் அடுக்குவார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் அந்தந்த வீட்டார் தங்கள் மாட்டுக்குச் சுடுகிற குறியை நீலத்தால் போட்டிருப்பார்கள். கோயில் திருவிழா முடிந்த பிறகுதான் முதலாளி நிறுப்பார். நிறுத்தால் விற்றதாக அர்த்தம். அதுவரை மழை நனைத்தாலும் வீட்டுக்காரர்தான் வந்து திரும்பக் காயவைக்க வேண்டும்.

ஒருமுறை பரமேஸ்வரி அக்காவின் மூட்டை ஒன்றை எலி கடித்துப் பாதியைத் தின்றுவிட்டது. "உங்கடை கொட்டிலுக்கை நடந்ததுதானே, ஏதும் பாத்துச் செய்யுங்கோ" என்று அவர் கேட்டிருக்கிறார். முதலாளி கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னாராம்: "நிறுக்கிற மட்டும் அது உங்கடை ஒடியல், அக்கா. எலி உங்கடையைத்தான் திண்டது."

முன்வரிசை

இந்த வருசம் திருவிழா முடிவதற்குள் முதலாளி கனடாவுக்குப் பறந்துவிட்டார். கம்பனி படுத்துவிட்டது. போன வருசம் நிறுத்த ஒடியலுக்கே காசு வரவில்லை. இந்த வருசத்து மூட்டைகள் நிறுக்காமல் கொட்டிலில் கிடந்தன. நீதிமன்றம் எங்கள் கந்தோர்த் தலைவரான சேரைக் கலைப்பாளராக நியமித்தது.

கடன் கொடுத்தவர்களின் கூட்டம் அதே கொட்டிலில்தான் நடந்தது. காரில் வந்த வங்கி அலுவலருக்கு முன்வரிசையில் கதிரை. ஊரார் பின்னால் பாயில். யாருக்கு முதல், யாருக்குக் கடைசி என்று விளங்கப்படுத்துகிற வேலையைச் சேர் என் தலையில் கட்டிவிட்டார். ஈடாக எழுதிய சொத்து வங்கிக்குப் போகும். அதில் கையிருப்புச் சரக்கும் அடக்கம். மிச்சத்தில் முதலில் கலைப்புச் செலவு. பிறகு வேலையாட்களின் சம்பளமும் சேமலாப நிதியும், அரசாங்க வரியும். அதற்கும் பிறகு ஏதாவது மிஞ்சினால், ஒடியல் தந்தவர்களுக்கு.

பரமேஸ்வரி அக்கா பாயிலிருந்து எழும்பினார். அவருடைய கிணற்று மோட்டர் எரிந்து கிடந்தது. ஒடியல் காசு வந்தால்தான் வெங்காயத்துக்குத் தண்ணீர். "கலியாண வீட்டிலை கடைசிப் பந்திக்கும் சோறும் ரசமும் மிஞ்சும், பிள்ளை. நீர் சொல்லுற பந்தியிலை இலையும் இல்லைப் போலை கிடக்கு."

நிறுவை நாள்

கம்பனியின் சொந்தத் தராசை, கடனுக்குக் கொடுத்த நிறுவனம் யந்திரங்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சரக்கைக் கணக்கெடுக்க வேண்டும் என்று சேர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தராசை வாடகைக்கு எடுத்து லொறியில் கொண்டுவந்தார்.

தராசு இறங்குகிற செய்தி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. ஆட்கள் தலைக்குத் தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டி வந்தார்கள். எங்கள் லொறி ஆட்களை விலக்கிவிட்டுத் தங்கள் மூட்டைகளைத் தாங்களே தூக்கித் தராசில் வைத்தார்கள். சிரிப்பும் பகிடியுமாக இருந்தது. மூட்டை தூக்கி வைத்தவர்களில் ஒருவரான கந்தையா அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நிறுத்தாச்சு. இனி வித்த மாதிரித்தானே, பிள்ளை? காசு எப்ப?"

நிறுத்தால் விற்றது, விற்றால் கம்பனியின் சரக்கு, கம்பனியின் சரக்கென்றால் வங்கியுடையது. தங்கள் உழைப்பைத் தங்கள் கையாலேயே தூக்கி வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் நன்றி சொல்லிக்கொண்டு. சரக்கைப் பார்க்க வந்திருந்த வங்கி அலுவலரின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. மனிதர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவையே வித்ததெண்டு சொல்லுகினம். பிறகென்ன, லொறியை என்ரை பக்கம் திருப்புங்கோ."

ஆற்றை சம்பளம்

நான் பயந்த சுபாவம். கந்தோரில் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொல்லவே இரண்டு தரம் யோசிப்பேன். அன்றைக்கு எப்படி வாய் திறந்தேனோ தெரியாது. "அண்ணை, ஒருத்தரும் நிறுக்க வேண்டாம். இது எண்ணிப் பாக்கிற நிறுவை, வாங்கிற நிறுவை இல்லை. உங்களிட்டை வாங்க இப்ப இங்கை ஒருத்தரும் இல்லை" என்று கத்திவிட்டேன். பரமேஸ்வரி அக்கா தன் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சேர் என்னை வேலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பிள்ளை, நீர் ஆற்றை சம்பளத்திலை நிக்கிறீர்? எங்கடையிலையோ, ஊராக்களின்ரையிலையோ?"

ஒரே ஒரு கேள்வி

ஆனாலும் சேர் சட்டத்தரணிக்குப் போன் எடுத்தார். சட்டத்தரணி நீட்டி முழக்கவில்லை. நிறுக்கிறதுக்கு முதல் சரக்குக்கு ஏதும் நடந்தால் நட்டம் யாருக்கு என்று மட்டும் கேட்டார். நான் எலிக் கதையைச் சொன்னேன். சபாரத்தினம் அண்ணை போனை வாங்கி, தான் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார். அப்படியென்றால் குறி போட்ட மூட்டைகள், இன்றைக்குக் கணக்கெடுக்கத் தராசில் ஏறியவையும் சேர்த்து, இன்னும் அந்தந்த வீட்டுக்காரருடையவை, வங்கி தொட ஏலாது என்றார் சட்டத்தரணி. முதலாளியின் கஞ்சத்தனம் ஊருக்குச் செய்த ஒரே நன்மை அது.

அன்று பின்னேரமே மூட்டைகள் வெளியே போயின. வங்கி அலுவலர் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். பரமேஸ்வரி அக்கா தன்னுடையதை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டுச் சுன்னாகம் சந்தைக்குப் புறப்பட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அவர் கேட்டது வேறு: "நிறுக்காததைத் திருப்பித் தந்தியள், சரி. போன வருசம் நம்பி நிறுத்தனாங்களே, அதை எந்த எலி திண்டது?"

பிறகு கடைசிப் பங்கீட்டைச் சரிபார்த்தபோதுதான் கண்டேன், போன வருசம் நிறுத்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை, அவர்களுடைய மூட்டைகளை நிறுக்க வந்த தராசின் வாடகை மட்டும் கலைப்புச் செலவில் முதலாவதாக, முழுதாகத் தீர்க்கப்பட்டிருந்தது.